முறை செய்தார்க்கு முறை

போர் முடிந்த பின்னர் வென்றோர் தோற்றோரைக் கொல்லுதலும், சிறைப்படுத்துதலும், நாடு கடத்துதலும் பண்டுதொட்டு உலகில் நிகழ்வனவே. அவற்றைப் போரின் எச்சம் எனக் கூறி அமைவர் வரலாறு எழுதுவோர். ஆயின், தோற்றோரை மன்றத்தில் நிறுத்தி, அவர்க்கு வழக்கறிஞரைத் தந்து, சான்று கேட்டு, எதிர்ச்சான்றுக்கும் இடங்கொடுத்து, அதன்பின் தீர்ப்புரைத்தல் பிற்காலத்தே வலியுற்றதொரு வழக்கு. அவ்வழக்கு வலியுற்றவுடனே ஐயங்களும் உடன் எழுந்தன. வென்றவன் நடுவனாதல் கூடுமோ? ஆணைக்கு அடங்கியவன் குற்றவாளியாவனோ? நாட்டுச் சட்டத்தின்படி தீர்ப்புரைத்த நீதிபதியைப் பிறிதொரு நாட்டு நீதிபதி தண்டித்தல் முறையாமோ? இவற்றை நூல்வழி ஆராய்ந்தோர் பலர். மேலைநாட்டு நாடகாசிரியரும் திரைப்படஞ் செய்தோரும் இவற்றை மன்றக் காட்சிகளாக்கி மக்கள் கண்முன் வைத்தனர். பொழுதுபோக்கிற்கென எழுந்தவை என அவற்றை இகழ்ந்து தள்ளுதல் தகாது. அறநூல் கற்றோர் ஏட்டில் மட்டும் கண்ட இடர்ப்பாடுகள் அவற்றின்கண் உயிருடைய மாந்தராய் எழுந்து நின்று வாதிடுகின்றன.

ஆணைக்கு அடங்கியவன் நிலை முதற்கண் கருதற்பாலது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் தென்னாட்டார் ஜார்ஜியாவில் ஆண்டர்சன்வில் என்னுமிடத்து 1864-இல் ஒரு சிறைக்களம் அமைத்தனர். அதன்கண் அடைபட்ட வடநாட்டு வீரர் ஏறத்தாழ 45,000 பேர். அவருள் நோயாலும் பசியாலும் மாண்டோர் தொகை 13,000-ஐ அணுகும். அச்சிறைத் தலைவன் ஹென்றி வர்ஸ் 1865-இல் வாஷிங்டனில் படைமன்றத்தின்முன் நிறுத்தப்பட்டு, அவ்வாண்டு நவம்பர் 10-ஆம் நாள் தூக்கிலிடப்பட்டான். சால் லெவிட் என்பார் இதனை 'ஆண்டர்சன்வில் வழக்கு' என நாடகமாக்கினர். அது 1959-இல் நியூயார்க் நகரில் அரங்கேறியது. மேலோர் ஆணை அறத்திற்கு மாறாயவிடத்து அதனை மீறுதல் படைஞனுக்குக் கடனன்றோ என்னும் வினாவை, வழக்குத் தொடுக்கும் சிப்மன் மன்றத்தில் எழுப்ப முயல்கின்றான். தீர்ப்புரைக்க அமர்ந்த தளபதிகளோ அதனைக் கேட்கவும் அஞ்சுகின்றனர். அஞ்சுதற்குக் காரணம் வெளிப்படை. அவ்வினா வர்ஸ்மேல் மட்டும் நில்லாது. ஆணைக்கு அடங்கி ஊர்களை எரித்து வென்ற தம்மேலும் பாயும். குற்றவாளிக் கூட்டில் நிற்பவனை வினாவப் புகுந்தது, மேடைமேல் அமர்ந்தாரையும் வினாவத் தொடங்கிற்று. இவ்வகை நாடகங்கள் அனைத்திற்கும் இதுவே உயிர்நிலை.

படைஞன் நிலையினும் நீதிபதியின் நிலை நுண்ணிது. என்னை? படைஞன் ஆணைக்கு அடங்குதற்கென்றே பயிற்றப்பட்டவன்; போர்க்களத்தில் ஆராய்தற்கு அவனுக்குப் பொழுதுமில்லை. நீதிபதியோ ஆராய்தற்கென்றே அமர்த்தப்பட்டவன். அவன் கையில் வாளில்லை, எழுதுகோல் உண்டு. பொழுது உண்டு, நூலறிவு உண்டு, இருபுறமும் கேட்டறியும் வாய்ப்பு உண்டு. இத்தனையும் உடையான் ஒருவன் தீமைக்குத் துணையாயின் அவனை யாது சொல்லுவது? இரண்டாம் உலகப் போரின் பின்னர் இவ்வினா நூரம்பெர்க் நகரில் நேரே எழுந்தது.

அந்நகரில் நால்வகை வல்லரசுகளும் கூடி நடத்திய பெருவழக்கு 1945 நவம்பர் 20-இல் தொடங்கி 1946 அக்டோபர் 1-இல் முடிந்தது. அதன்பின் அமெரிக்க நடுவரே 1949 வரை பன்னிரண்டு வழக்குகளை விசாரித்தனர். மருத்துவர், தொழிலதிபர், தளபதியர், அமைச்சர் எனப் பலரும் வகைவகையாக நிறுத்தப்பட்டனர். அவற்றுள் மூன்றாவதே நீதிபதிகள் வழக்கு எனப்படுவது. குற்றஞ் சாட்டப்பெற்றோர் பதினாறு பேர். நீதித்துறை அமைச்சகத்தாரும், அரசு வழக்கறிஞரும், தனிநீதிமன்றத்து நடுவரும் ஆவர். ஒருவர் வழக்குத் தொடங்குமுன்னரே தற்கொலை செய்துகொண்டார். மற்றொருவர் நோயால் விலக்கப்பட்டார். 1947 மார்ச்சு 5-இல் தொடங்கிய வழக்கு டிசம்பர் 4-இல் முடிவுற்றது. பதின்மர் தண்டனை பெற்றனர். நால்வர் விடுதலை எய்தினர். வாழ்நாட் சிறை பெற்றவர் நால்வர். நீதிபதியின் அங்கிக்குள் கொலைஞனின் குத்துவாள் மறைந்திருந்தது என்பது அத்தீர்ப்பிற் காணப்படும் கருத்து. அவ்வுவமை வெறும் அணியன்று என்பதற்கு ஒரு வழக்கை மட்டும் விரித்துக் காட்டல் போதும்.

லியோ காட்சன்பெர்கர் என்பவர் நூரம்பெர்க் நகரத்துக் காலணி வணிகர், யூதர், அந்நகர் யூத மக்களுக்குத் தலைவராகவும் இருந்தார். அவருக்குரிய மனையில் குடியிருந்த இளம்பெண் ஒருத்தி புகைப்படத் தொழில் செய்துவந்தாள். அவள் தந்தைக்கும் அவருக்கும் நெடுநாள் நட்பு. யூதனுக்கும் ஜெர்மானியப் பெண்ணுக்கும் உறவு கூடாதென 1935-ஆம் ஆண்டு செப்டம்பரில் அந்நூரம்பெர்க் நகரிலேயே விதிக்கப்பட்ட சட்டத்தின்கீழ் அவர் சிறைப்பட்டார். அண்டைவீட்டார் அலர் தூற்றினரே அன்றி, குற்றம் நிகழக் கண்டார் ஒருவருமிலர். அவரும் மறுத்தார், அப்பெண்ணும் ஆணையிட்டு மறுத்தாள். அச்சட்டத்தின்படி குற்றம் மெய்ப்பட்டாலும் தண்டனை சிறையே, மரணமன்று.

இந்நிலையில் வழக்கு ஆஸ்வால்ட் ரோத்தாக் என்பாரின் தனிநீதிமன்றத்தை அடைந்தது. அவர் செய்தவற்றைக் கூர்ந்து நோக்குதல் வேண்டும். அப்பெண் பொய்யாணையிட்டாள் என ஒரு குற்றம் சுமத்தி, அவ்வழக்கையும் இவ்வழக்கையும் ஒன்றாக இணைத்தனர். இணைத்தவுடன் அவள் சான்றாந் தகுதியை இழந்து உடன்குற்றவாளி ஆயினாள். முதியவர்க்கு இருந்த ஒரே சான்று இவ்வாறு ஒழிந்தது. பின்னர், போர்க்கால இருட்டடிப்பைப் பயன்கொண்டு குற்றஞ் செய்வோரைக் கொல்லலாம் என 1939-இல் பிறந்த ஆணையொன்றை எடுத்து, அதனை இவ்வழக்கோடு பிணைத்தனர். மாலைப்பொழுதில் அவளைக் கண்டு பேசினார். மாலைப்பொழுதில் தெருவிளக்கு இல்லை. ஆதலின் இருட்டடிப்பைப் பயன்கொண்டார் என்பது அவர் கண்ட தருக்கம். விசாரணை தொடங்குமுன்னரே உடற்பரிசோதனை செய்த மருத்துவரிடம் முடிவைக் கூறியிருந்தார் என்பதும் பின்னர்ச் சாட்சியால் வெளிப்பட்டது. 1942 மார்ச்சில் தீர்ப்பு. ஜூன் மாதத்தில் அறுபத்தெட்டு வயதினரான அவர் தலை வெட்டுப்பொறியில் வீழ்ந்தது. அப்பெண் இரண்டாண்டு கடுஞ்சிறை பெற்றாள்.

ஈண்டு அறிஞர் ஒன்று கருதுவாராக. ரோத்தாக் சட்டத்தை மீறினார் என்று யாரும் எளிதிற் கூறிவிட முடியாது. அவர் சட்டத்தோடு சட்டத்தை முடைந்தார். இரண்டு நூல்களை எடுத்துத் திரித்துக் கயிறு செய்வது போல, தனித்தனியே கொல்லாத இரு விதிகளை இணைத்துக் கொல்லும் விதியொன்றை ஆக்கினார். 'சட்டம் இருந்தது, யாம் அதனை நடத்தினேம்' என்னும் விடை இவ்விடத்தே தளர்ந்துபோகின்றது. சட்டம் அவரைத் தள்ளிற்றிலது. அவரே சட்டத்தைத் தள்ளிக்கொண்டு போயினார். விதியைக் கற்றுத் தேர்ந்தவனுக்கே இவ்வகைத் தீமை இயலும். கல்லாதவன் இதனைச் செய்ய வல்லானல்லன்.

இவ்வழக்கு முதலியவற்றை அடியாகக் கொண்டு ஆபி மான் என்பார் எழுதிய 'ஜட்ஜ்மெண்ட் அட் நியூரம்பெர்க்' என்னும் நாடகம் 1959 ஏப்ரலில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் முதலில் ஒளிபரப்பாயிற்று. அந்நிகழ்ச்சிக்குப் பொருளுதவி செய்தோர் எரிவாயு வணிகர் சங்கத்தார். நச்சுவாயு அறைகளிற் கொல்லப்பட்டோரைப் பற்றிப் பேசுமிடத்து 'வாயு' என்னும் சொல் தம் சரக்குக்கு இழுக்கெனக் கருதப்பட்டமையால், அச்சொல் வருமிடங்களில் ஒலி அடக்கப்பட்டது. நடிகர் வாய் அசைந்தது, சொல் கேட்டிலது. வல்லார்க்கு அஞ்சி வாய்மையை அடக்கிய நீதிபதிகளைப் பற்றிய நாடகத்திலேயே, வணிகத்திற்கு அஞ்சி ஒரு சொல் அடக்கப்பட்டதை என்னென்பது! எள்ளல் நூல் எழுதுவாரும் இதனைப் புனையத் துணியார்.

1961-இல் ஸ்டான்லி கிரேமர் அதனைத் திரைப்படமாக்கினார். ஏறத்தாழ மூன்று மணி நேரம் ஓடுவது. பெர்லின் நகரை இருகூறாக்கும் சுவர் எழுந்த அவ்வாண்டிலேயே, டிசம்பரில், அது பெர்லினில் முதன்முதல் காட்டப்பெற்றது. படத்தில் காலம் 1948 என மாற்றப்பட்டுள்ளது. பதினாறு பேர் நால்வராகக் குறைக்கப்பட்டனர். ஸ்பென்சர் டிரேசி நடித்த ஹேவுட் என்னும் அமெரிக்க நடுவர் பெரும்புகழ் வாய்ந்தவரல்லர். நாட்டுப்புறத்திலிருந்து வந்த முதியவர். குற்றவாளிகளுள் தலைவர் பர்ட் லங்காஸ்டர் நடித்த எர்ன்ஸ்ட் யானிங். சட்டநூல்கள் பல இயற்றிய பேரறிஞர். அவர்க்காக வாதிடும் இளைஞன் ரோல்ஃப். அதனை நடித்த மேக்சிமிலியன் ஷெல் சிறந்த நடிகர்க்குரிய ஆஸ்கார் விருது பெற்றனர். பெற்றது தகும். என்னை? படத்தின் வலிமை முழுதும், வெறுக்கத்தக்கார்க்காகப் பேசும் அவன் வாதங்கள் வெறுக்கத்தக்கன அல்ல என்பதிலேயே தங்கியுள்ளது.

அவன் வாதம் யாது? மக்களுக்கு மகப்பேறு இல்லாதபடி அறுவை செய்வித்த சட்டத்தை நடத்தினர் என்பது நீதிபதிகள்மேற் சாட்டிய குற்றங்களுள் ஒன்று. 1933-இல் இயற்றப்பட்ட அச்சட்டத்தால் ஏறத்தாழ 4,00,000 பேர் அவ்வாறு செய்யப்பட்டனர். ரோல்ஃப் எழுந்து, இத்தகைய சட்டம் அமெரிக்காவில் வர்ஜீனியா நாட்டில் முன்னரே இருந்ததென்றும், அதனை 1927-இல் அமெரிக்கத் தலைமை நீதிமன்றமே ஏற்றதென்றும், அத்தீர்ப்பை எழுதியவர் உலகு புகழும் ஹோம்ஸ் என்றும் எடுத்துக் காட்டுகின்றான். இஃது உண்மையே, கற்பனையன்று. ஹிட்லரோடு உடன்படிக்கை செய்தோர் யாவர், அவனைப் புகழ்ந்தோர் யாவர், அவனுக்குப் படைக்கலம் ஆக்க உதவிப் பொருளீட்டினோர் யாவர் என அவன் மேலும் அடுக்குகின்றான். யானிங் குற்றவாளியாயின் உலகமே குற்றவாளி என்பது அவன் முடிபு.

இதற்கு விடை கூறுதல் எளிதன்று. பிறனும் செய்தான் என்பது குற்றத்தை நீக்காது என ஒரு சொல்லிற் கூறிப் போவார் உளர். அது மெய்யே எனினும் முழுவிடையன்று. பிறனும் செய்தான் என்று காட்டுதலால் இவன் குற்றம் குறைவதில்லை. ஆயின், தண்டிக்கப் புகுந்த அப்பிறனின் தகுதி குறைகின்றதன்றோ? இரண்டும் வெவ்வேறு வினாக்கள். இவன் தண்டனைக்கு உரியனோ என்பது ஒன்று. இவனைத் தண்டிக்க அவன் உரியனோ என்பது மற்றொன்று. ரோல்ஃப் இரண்டாவதற்கு வலிய சான்று காட்டி, முதலாவது தீர்ந்ததெனக் கொள்கின்றான். அவன் சொல்வன்மையில் மயங்குவோர் இவ்விடத்தே வழுக்கி வீழ்வர். கள்வனைக் கள்வன் பிடித்தால், பிடித்தவன் கையும் கட்டப்படவேண்டும் என்பதே முடிபு. பிடிபட்டவன் கட்டவிழ்க்கப்பட வேண்டும் என்பதன்று. மகப்பேற்றைத் தடுக்கும் சட்டத்தை ஏற்ற நாடு தன் தீர்ப்பையும் ஒருநாள் மன்றத்திற் கொணர்தல் கடன். அக்கடனை நிறைவேற்றாமை யானிங்குக்கு வீடுபேறாகாது.

இனி, நீதிபதிகள் கூறிய விடைகளுள் மிக நுட்பமானது ஒன்றுண்டு. தாம் பதவியை விட்டு விலகியிருந்தால் தம்மினும் கொடியார் அவ்விடத்திற்கு வந்திருப்பர்; ஆதலின் பெருந்தீமையைத் தடுத்தற்பொருட்டே சிறுதீமைக்கு உடன்பட்டுத் தங்கினேம் என்பதே அது. உண்மை வழக்கில் இதனைக் கூறியவர் பிரான்ஸ் ஷ்லேகல்பெர்கர். 1941 தொடக்கத்திலிருந்து 1942 ஆகஸ்டு வரை நீதித்துறை அமைச்சர் பொறுப்பை வகித்தவர். வணிகச் சட்டத்தில் நூல்கள் இயற்றிய பேரறிஞர். யானிங் என்னும் பாத்திரத்திற்கு அவரே அடிப்படை என்பர். இவ்விடையை வெறும் பொய் என ஒதுக்குதல் நேர்மையன்று. அவர் விலகிய பின்னர் அவ்விடத்திற்கு வந்த ஓட்டோ டீராக் என்பான் அவரினும் கொடியனாகவே இருந்தான். சிறையிலிருந்த பலரை வேலைவாங்கியே கொல்லுமாறு காவற்படையிடம் ஒப்படைத்தான். ஆக, 'கொடியார் வருவர்' என்ற அளவில் ஷ்லேகல்பெர்கரின் கூற்று மெய்யாயிற்று.

அற்றேல், அவர் தங்கியிருந்த காலத்தில் தடுத்தது யாது? 1941-இல் முட்டைகளைப் பதுக்கிய குற்றத்திற்காக முதிய யூதர் ஒருவர்க்கு ஒரு தனிநீதிமன்றம் இரண்டரை ஆண்டுச் சிறை விதித்தது. செய்தித்தாளில் அதனைக் கண்ட ஹிட்லர், தண்டனை போதாது, மரணமே வேண்டும் என்று தெரிவித்தான். ஷ்லேகல்பெர்கர் மேல்முறையீடு செய்விக்கவில்லை, மறுவிசாரணை நடத்தவில்லை, அம்முதியவரைக் கொல்லும்படி இரகசியக் காவலரிடம் ஒப்படைத்துவிட்டதாக மறுமொழி எழுதினார். அவ்வளவே. ஒரு கடிதத்தால் ஒரு நீதிமன்றத்தின் தீர்ப்பும் ஓர் உயிரும் ஒருங்கே நீங்கின. 1942-இல் அவர் ஓய்வு பெற்றபோது ஹிட்லர் அளித்த நன்கொடை 1,00,000 மார்க்.

சிறுதீமையால் பெருந்தீமையை விலக்குதல் என்னும் வாணிகத்தில் விலை கொடுத்தவர் யாவர் என்பதை நோக்கினால் இவ்வாதத்தின் உட்பொய் வெளிப்படும். தன் கைப்பொருளைக் கொடுத்துப் பிறரைக் காத்தவன் வள்ளல். தன் பதவியையோ, உரிமையையோ, உயிரையோ விலையாகக் கொடுத்துத் தீமையைத் தடுத்தேன் என்பானாயின் அவன் கூற்று கேட்கத்தக்கது. ஷ்லேகல்பெர்கர் கொடுத்த விலை முட்டை வழக்கில் அகப்பட்ட முதியவரின் உயிர். பிறன் உயிரைக் கொடுத்துத் தன் இருக்கையைக் காத்துக்கொண்டு, அதனைப் பிறர்நலம் என்பது எங்ஙனம் பொருந்தும்? மேலும், வரக்கூடிய பெருந்தீமை ஊகத்தால் அளக்கப்படுவது. செய்த சிறுதீமையோ கண்ணெதிரே நிகழ்ந்தது. ஊகத்தைத் தராசின் ஒரு தட்டில் வைத்தால் மற்றத் தட்டில் எதனையும் வைத்துச் சமன் செய்துவிடலாம்.

விலகியிருந்தால் உயிருக்கே இறுதி வந்திருக்கும் எனச் சிலர் கூறுவர். அஃதன்று என்பதற்கு லோத்தர் க்ரைஸிக் என்னும் நீதிபதியின் வரலாறு சான்று. பிராண்டன்பர்க் நகரில் காப்பாளர் இல்லாதார்க்குரிய வழக்குகளைக் கவனித்துவந்த அவர், தம் பாதுகாப்பிலிருந்த மனநோயாளிகள் ஒருவர்பின் ஒருவராக மறைவதைக் கண்டு, 1940-இல் அமைச்சர்க்கே எழுதினார். அக்கொலைகளுக்குத் தலைமை தாங்கிய அதிகாரிமேல் கொலைக்குற்றமும் சாட்டினார். தம் பொறுப்பிலிருந்த நோயாளிகளை விடுதிகளிலிருந்து அகற்றலாகாதென ஆணையும் பிறப்பித்தார். அமைச்சர் குர்ட்னர் அவரை அழைத்து, தலைவனின் விருப்பத்தைச் சட்டத்தின் ஊற்றாக ஒப்பாதவர் நீதிபதியாக இருத்தல் இயலாது என்றார். க்ரைஸிக் ஒப்பவில்லை. விளைந்தது யாது? சிறையுமன்று, தூக்குமன்று. கட்டாய ஓய்வு. அவர் தம் பண்ணையில் வாழ்ந்து, 1986 வரை உயிரோடிருந்தார். அத்துணைப் பெரிய நாட்டில் இவ்வாறு எதிர்த்துரைத்த நீதிபதி அவரொருவரே எனப் பேசப்படுவது, மற்றையோர் அஞ்சியதற்குக் காரணம் வாள் அன்று என்பதைக் காட்டுகின்றது. படத்தில் விலகிச்சென்ற முதிய ஆசிரியர் வீக் என்னும் பாத்திரம் ஒன்றுண்டு. எனினும் க்ரைஸிக் போன்ற ஒருவரைக் காட்டாதது அப்படத்தின் குறையே.

படத்தின்கண் மற்றொரு குறையும் கூறற்பாலது. சிறைமுகாம்களில் மலைபோற் குவிந்த பிணங்களைக் காட்டும் மெய்ப்படம் மன்றத்தில் ஓட்டப்படுகின்றது. அது நூரம்பெர்க் பெருவழக்கில் 1945 நவம்பரில் உண்மையாகவே காட்டப்பட்டது. கண்டோர் நடுங்குவர், நடுங்கவே வேண்டும். ஆயின் நீதிபதியின் குற்றம் அம்மலையில் இல்லை. அது ஒரு சிறிய அறையில், ஒரு கோப்பில், ஒரு பெயரின்கீழ் இட்ட கையெழுத்தில் இருக்கின்றது. பெருங்கொடுமையைக் காட்டுதலால் சிறுகொடுமை மறைந்துபோதலும் உண்டு. இவ்வுண்மையை ஆசிரியர் அறியாதவரல்லர். என்னை? இறுதிக் காட்சியில் யானிங், இத்துணை உயிர்கள் மாளுமெனத் தாம் எண்ணியதில்லை என நடுவரிடம் இரங்கிக் கூற, குற்றமற்றவன் என அறிந்தே ஒருவனுக்கு மரணம் விதித்த முதல் நாளிலேயே அது நிகழ்ந்துவிட்டது என்னும் கருத்துப்பட அவர் மறுமொழி தருகின்றார். படம் முழுதும் தேடிய விடை அதுவே. இலட்சத்தை எண்ணாமல் ஒன்றை எண்ணினார் அம்முதியவர்.

யானிங் மன்றத்தில் எழுந்து தம் குற்றத்தைத் தாமே ஒப்புக்கொள்ளும் காட்சி எல்லாராலும் போற்றப்படுவது. பழைய வழக்கில் இழிவுற்ற அப்பெண் சாட்சி சொல்ல வருகின்றாள். ரோல்ஃப் அவளைக் குறுக்குவினாக்களால் மீண்டும் வருத்துகின்றான். நாஜி நீதிமன்றம் செய்ததையே தனக்காக வாதிடுவோனும் செய்வதைப் பொறாமல் யானிங் எழுந்து அவனைத் தடுக்கின்றார். காட்சி நெஞ்சை உருக்குவது. ஆயின், உண்மை வழக்கில் அத்தகைய ஒப்புதல் நிகழ்ந்ததில்லை. ஷ்லேகல்பெர்கர் தம் விடையிலேயே உறுதியாய் நின்றார். வரலாறு தராத கழுவாயைக் கவிஞன் தந்தான். இஃது இசையுமோ என ஆராய்தல் வேண்டும்.

ஒருசாரார், குற்றவாளிகட்கு இல்லாத பெருமையைப் படைத்து ஏற்றுதல் மாண்டோர்க்குச் செய்யும் அநீதி என்பர். அதனை எளிதில் தள்ளலாகாது. எனினும் பிறிதொன்றும் கருதற்குரியது. தண்டனை பெற்றவன் தன் குற்றத்தை உணராதவிடத்து மன்றம் செய்தது யாது? அவனை அடைத்தது, அவ்வளவே. வினை தன் பயனைத் தந்தே தீரும் என்பார் கொள்கை ஒருபுறம் நிற்க, மனிதர் கூடி அமைத்த மன்றத்தால் இயல்வது உடலைச் சிறைசெய்தல் மட்டுமே. உணர்வை அது கட்டளையிட்டுப் பெறமாட்டாது. அம்மன்றத்திற்கு எட்டாத ஒன்று உண்டு என்பதை, எட்டியதாகக் காட்டி உணர்த்தினான் நாடகாசிரியன். கண்டோர் வரலாற்றை நோக்கி, 'மெய்யாக ஒருவன் எழுந்து சொல்லியிருக்கலாகாதா' என ஏங்குவாராயின் அக்கற்பனை தன் பணியைச் செய்ததெனலாம். 'சொல்லிவிட்டான், வழக்குத் தீர்ந்தது' என ஆறுதல் கொள்வாராயின் அது கேடே. இவ்விரண்டுள் எது நிகழுமென்பது காண்பாரைப் பொறுத்தது.

வென்றவன் நடுவனாதல் கூடுமோ என்னும் வினாவிற்கு மிகக் கடுமையான விடை பாரத நாட்டிலிருந்தே சென்றது. ஜப்பானியத் தலைவர்களை விசாரிக்க டோக்கியோவில் 1946 முதல் 1948 வரை அமர்ந்த பதினொரு நடுவருள் ஒருவர் கல்கத்தா உயர்நீதிமன்றத்தில் இருந்த இராதாபினோத் பால். இருபத்தைந்து பேர் தண்டனை பெற்ற அவ்வழக்கில், அனைவரும் விடுவிக்கத்தக்கவர் என நெடிய மறுப்புத் தீர்ப்பு எழுதினார் அவர். போர் தொடுத்தலைப் பின்னாளிற் குற்றமாக்கித் தண்டித்தல் முறையன்று என்பதும், வென்றோர் செயல்கள் விசாரணைக்கு வாராதவிடத்து அது நடுவுநிலையன்று என்பதும், அணுகுண்டு வீசினோர் மேடையில் அமரத் தோற்றோர் கூட்டில் நிற்றல் பொருந்தாது என்பதும் அவர் கருத்து. படையினர் செய்த கொடுமைகள் நிகழவில்லை என்று அவர் கூறினாரல்லர். இதனை மறந்து பேசுவோர் பலர். ஜப்பானில் அவரைப் போற்றுவோருட் சிலர், அவர் தம் நாட்டைக் குற்றமற்றதென விடுத்தார் எனக் கொள்கின்றனர். 2005-இல் யசுகுனி கோயிலில் அவர்க்கு நினைவுக்கல்லும் நாட்டினர். 2016-இல் நான்கு பகுதிகளாக வெளிவந்த 'டோக்கியோ டிரயல்' என்னும் தொலைக்காட்சி நாடகத்தில் இர்பான் கான் அவராக நடித்துள்ளார். பாலின் தருக்கம் ரோல்ஃபின் தருக்கத்தோடு ஒப்புமையுடையதேனும், ரோல்ஃப் கூலிக்கு வாதிட்டான். பால் நடுவராய் அமர்ந்து தம் உள்ளத்திற்குப் பட்டதை எழுதினார். எனினும், வென்றோர் தகுதியை அவர் உடைத்த அளவிற்குத் தோற்றோரால் துன்புற்ற மக்களின் முறையீட்டுக்கு இடங்கண்டாரோ எனின், அவர் தீர்ப்பில் அப்பக்கம் மெலிந்தே காணப்படுகின்றது. நான்கிங்கிலும் மணிலாவிலும் மாண்டவர் வென்றோருமல்லர், தோற்றோருமல்லர்.

படத்தின் முடிவில், தண்டனை பெற்றோர் ஐந்தாண்டில் வெளிவந்துவிடுவர் என ரோல்ஃப் நடுவரிடம் பந்தயங் கூறுகின்றான். அமெரிக்கப் பகுதியில் நடந்த வழக்குகளிற் சிறைத்தண்டனை பெற்ற 99 பேருள் ஒருவரும் இப்போது சிறையில் இல்லை என்னும் செய்தியைத் திரையில் எழுத்தாற் காட்டிப் படம் முடிகின்றது. 1948-இல் பெர்லின் முற்றுகை தொடங்கியபின் ஜெர்மானியரின் நட்பு அமெரிக்கர்க்கு வேண்டியதாயிற்று. நீதி காத்திருக்கலாம் என்றாயிற்று. வாழ்நாட் சிறை பெற்ற ஷ்லேகல்பெர்கர் நோய் காரணமாக 1951 அளவில் விடுவிக்கப்பட்டு, 1970-இல் இறந்தார். ரோத்தாக் 1956-இல் வெளிவந்தார்.

ஜெர்மனி தன் நீதிபதிகளைத் தானே விசாரித்ததுண்டோ எனின், முயற்சி நிகழ்ந்தது, பயன் விளைந்திலது. 5,000-க்கு மேற்பட்டோர்க்கு மரணம் விதித்த 'மக்கள் நீதிமன்றம்' என்பதில் அமர்ந்த ரேசே என்னும் நீதிபதி 1967-இல் பெர்லினில் தண்டனை பெற்றார். மேல்நீதிமன்றம் அத்தீர்ப்பை 1968-இல் தள்ளிற்று. அவ்வாண்டிறுதியில் மறுவிசாரணையில் அவர் விடுதலை பெற்றார். தன் முன்னோர் இவ்வாறு நீதிபதிகளைத் தப்பவிட்டமை பிழையென அந்நாட்டு உயர்ந்த நீதிமன்றமே 1995-இல் எழுதியது. 1998-இல் ஜெர்மானியப் பாராளுமன்றம் ஒரு சட்டம் இயற்றி, நாஜி ஆட்சியில் அறத்திற்கு மாறாக வழங்கப்பட்ட தீர்ப்புகளை ஒருங்கே செல்லாதனவாக்கிற்று. மகப்பேறு தடுக்கும் அறுவைக்கு ஆணையிட்ட முடிவுகளும் அப்பொழுதே நீக்கப்பட்டன. படையை விட்டோடியோர் தீர்ப்புகள் 2002-இலும், போர்த்துரோகம் என்னும் பெயரால் கொல்லப்பட்டோர் தீர்ப்புகள் 2009-இலும் நீங்கின. போர் முடிந்து அப்பொழுது அறுபத்து நான்கு ஆண்டுகள் கழிந்திருந்தன. அத்தீர்ப்புகளை எழுதிய கைகளுள் ஒன்றிரண்டேனும் அன்று எஞ்சியிருந்திருத்தல் அரிது.